எங்கள் குசினியில் சூசையப்பர் ஸ்ஃபின்ச்சி

பெப்ரவரி முடியும் முன்பே, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவின் இனிப்புக் கடைகளில் ஸ்ஃபின்ச்சி என்ற பொரித்த பலகாரம் வந்துவிடும். மார்ச் 19 சூசையப்பர் திருநாள். இத்தாலியில் தந்தையர் நாளும் அன்றுதான். 1977 வரை அது நாடு முழுக்க அரச விடுமுறையாக இருந்தது. விடுமுறையை எடுத்துவிட்டார்கள், பலகாரத்தை யாரும் விடவில்லை. உள்ளங்கையளவில் மேடும் பள்ளமுமாகப் பொரிந்த உருண்டை. அதன் மேல் செம்மறியாட்டுப் பால் ரிக்கொத்தா என்ற மென்மையான பாற்கட்டி, பொடித்த பிஸ்தா, நீளமாக ஒரு துண்டு சீனித் தோடந்தோல் (ஆரஞ்சுத் தோல்). நடுவில் ஓட்டை கிடையாது, ஈஸ்ட் கிடையாது.

கடையில் வாங்குவது சுலபம். ஆனால் கடையில் காலையிலேயே கிறீம் பூசி அடுக்கிவிடுவார்கள். மாலையில் நாம் வீட்டுக்குக் கொண்டுவரும்போது ரிக்கொத்தாவின் ஈரம் கோதுக்குள் இறங்கி, அது சவசவவென்று ஆகியிருக்கும். பொரித்து ஆறி ஒரு மணித்தியாலத்துக்குள், கடிக்கிற நேரத்தில் கிறீம் வைத்துச் சாப்பிட்டால் அது வேறு பலகாரம். மேல் ஓடு மொறுமொறுக்கும், உள்ளே வெறும் வலைப்பின்னல், அதற்கு மேல் குளிர்ந்த ரிக்கொத்தா. அந்த ருசிக்காகத்தான் வீட்டில் பொரிக்கத் தொடங்கினேன். செய்யச் செய்ய ஒன்று உறுதியாகத் தெரிந்தது. இதில் கைவேலை முழுக்க ஈரத்தைச் சமாளிப்பதுதான்: மாவின் ஈரம், முட்டையின் ஈரம், ரிக்கொத்தாவின் ஈரம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கற்றுத் தந்தவ கீழ்மாடியில் இருக்கும் சிஞ்ஞோரா (இத்தாலியில் பெரியம்மாக்களை அழைக்கும் சொல்). எழுபது வயது தாண்டியவ. என்னை ஜோயா என்றுதான் கூப்பிடுவா, நம் 'செல்லமே' போல. அளவு கேட்டால் சொல்ல மாட்டா, கையைப் பிடித்து அகப்பையில் வைத்து, "இந்தக் கனம் வரும்வரை கிண்டு ஜோயா" என்பா. அந்தக் கனத்தைத் தராசில் வைத்து எண்ணாக எழுதிக்கொண்டது மட்டும்தான் என் பங்கு.

மாவைப் பொரித்துத் தேனில் தோய்ப்பது சிசிலியில் மிகப் பழைய வழக்கம். 827இல் அரபுப் படைகள் தீவில் இறங்கி, 831இல் பலெர்மோவைப் பிடித்த பிறகு கரும்பும் எலுமிச்சை வகைகளும் இங்கே வேரூன்றின. இன்றைக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் வட ஆப்பிரிக்காவில் ஸ்ஃபெஞ்ச் என்று ஈஸ்ட் மாவை வளையமாகப் பொரிக்கிறார்கள். பலெர்மோவின் ஸ்ஃபின்ச்சி அதிலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டது. முட்டை சேர்த்த இந்த உருவத்தை ஸ்திக்மாத்தே மடத்துக் கன்னியாஸ்திரிகள் கொடுத்தார்கள் என்பதுதான் ஊரில் சொல்லும் கதை. அந்த மடம் இப்போது இல்லை. 1866இல் புதிய இத்தாலிய அரசு துறவற மடங்களைக் கலைத்துச் சொத்துகளை எடுத்தது. பிறகு தெயாத்ரோ மாசிமோ என்ற பெரிய இசைநாடக அரங்கைக் கட்டுவதற்காக மடத்தையும் கோவிலையும் இடித்தார்கள். அரங்கு 1897இல் திறந்தது. அந்தப் படிக்கட்டைக் கடக்கும்போதெல்லாம், இந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் தாச்சி கொதித்திருக்கும் என்று நினைப்பேன்.

வேலை ரிக்கொத்தாவிலிருந்து தொடங்குகிறது, அதுவும் பொரிப்பதற்கு முந்தின நாள். சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் மோர்த்தண்ணீரை மறுபடி 80, 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், அதில் கரைந்திருக்கும் புரதம் திரண்டு மேலே மிதந்து வரும். அதை அள்ளிக் கூடையில் வடித்தால் ரிக்கொத்தா. செம்மறியாட்டுப் பால் குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரைதான் தாராளம். மழை பெய்து மேய்ச்சல் பச்சையாக இருக்கும் காலம் அது, கோடையில் தீவு காய்ந்துவிடும். சூசையப்பர் திருநாள் மார்ச்சில் வருவதும் இந்தக் கிறீம் அதன் மேல் ஏறியதும் ஒன்றோடொன்று பொருந்தியவை என்பது என் எண்ணம்.

பலெர்மோவின் பல்லாரோச் சந்தையில் துளை போட்ட சின்னப் பிளாஸ்டிக் கூடையோடுதான் தருவார்கள். வாங்கி வந்த 500 கிராமை அந்தக் கூடையோடு ஒரு கிண்ணத்தின் மேல் தூக்கி வைத்து, மூடி, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விடுவேன். காலையில் கிண்ணத்தில் இளமஞ்சளாக நீர் நிற்கும். இதைத் தவறவிடக் கூடாது. காரணம், சீனி சேர்ந்ததும் ரிக்கொத்தாவுக்குள் மிச்சமிருக்கும் நீரையும் அது வெளியே இழுக்கும். வடிக்காத ரிக்கொத்தாவில் சீனியைப் போட்டால் அரை மணித்தியாலத்தில் கிறீம் ஓடத் தொடங்கும். லண்டன், ரொறன்ரோ பக்கம் கிடைப்பது பெரும்பாலும் பசுப்பால் ரிக்கொத்தா. அதில் நீர் கூட, ருசியும் மென்மை. மெல்லிய துணியில் கட்டி, மேலே ஒரு சிறு பாரம் வைத்து இன்னும் கூடுதல் நேரம் வடிக்க வேண்டும். பனீரை மசித்துச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பனீர் பாலின் கேசீன் என்ற புரதத்தில் திரண்டது, எவ்வளவு அரைத்தாலும் நறநறப்பு நாக்கில் நிற்கும்.

வடித்த ரிக்கொத்தாவில் 180 கிராம் சீனி. கடைகளில் இதைவிடக் கூடப் போடுவார்கள், எங்கள் வீட்டுக்கு இது போதும். மர அகப்பையால் மெதுவாகக் கலந்து ஒரு மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு, நெருங்கிய கண்ணுள்ள அரிதட்டில் போட்டு அகப்பையின் பின்புறத்தால் தேய்க்க வேண்டும். அரிதட்டுக்கு மேலே பார்த்தால் சின்னச் சின்னக் குருணையாக இருக்கும் அதே ரிக்கொத்தா, கீழே மெல்லிய இழைகளாக இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளக்கும். கை நோகும் வேலைதான். மிக்சியில் அடித்தால் ஒரு நிமிடம், ஆனால் மிக்சி ரிக்கொத்தாவின் கட்டை உடைத்துத் தண்ணீராக்கிவிடும். அரிதட்டுக்கு மாற்று இல்லை. கடைசியில் சிறிய சொக்லேட் துண்டுகள் 50 கிராம். பலெர்மோக்காரர் பூசணியில் செய்த சீனிக்காயையும் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். கிடைத்தால் போடுங்கள்.

தோடந்தோல் வீட்டிலேயே செய்தால்தான் எனக்குத் திருப்தி. மார்ச்சில் சந்தையில் ரிபேராத் தோடம்பழம் இருக்கும், தோல் தடிப்பானது, நல்ல வாசம். மெழுகு பூசாத பழமாகப் பார்த்து எடுங்கள். தோலை விரலகல நீளக் கீற்றாக வெட்டி, தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இப்படி மூன்று முறை. கைப்பு இதில்தான் போகும். பிறகு தோலின் நிறைக்குச் சரிநிறை சீனி, மூழ்குமளவு தண்ணீர், மிக மெல்லிய நெருப்பு. பாகு வற்றி, தோல் கண்ணாடி போலத் தெரியும்போது எடுத்துக் கம்பித் தட்டில் பரப்பி இரவு முழுக்க உலரவிடுவேன். பிஸ்தா விலை கூடியது, அதிலும் எத்னா மலைச்சரிவில் விளையும் புரோந்தே பிஸ்தாவின் விலை சொல்லவே வேண்டாம். அந்த மரங்களில் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் அறுவடை. ஒரு கைப்பிடி போதும். உப்புப் போட்டு வறுத்ததை மட்டும் வாங்கவேண்டாம்.

இனி மா. என் அளவு இது: தண்ணீர் 250 மில்லிலீற்றர், பட்டர் 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, கோதுமை மா 160 கிராம், முட்டை நான்கு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அது மைதா. சிஞ்ஞோரா பட்டருக்குப் பதில் பன்றிக்கொழுப்புப் போடுவா, பொரிப்பதும் அதில்தான். பழைய முறை அதுதான். கோது இன்னும் மொறுமொறுப்பாக வரும் என்பதை நான் அவ வீட்டில் சாப்பிட்டே அறிவேன். எங்கள் வீட்டில் மாமி அதைத் தொடமாட்டா. அதனால் மாவுக்குப் பட்டர், பொரிக்கக் கச்சான் (நிலக்கடலை) எண்ணெய்.

தண்ணீர், பட்டர், உப்பை அடிகனமான சட்டியில் வைத்து, பட்டர் முழுக்க உருகிய பிறகு தண்ணீர் நன்றாகப் பொங்கவேண்டும். அந்த நேரம் மா முழுவதையும் ஒரே தரத்தில் கொட்டிக் கிண்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் கட்டி விழும். இடியப்பத்துக்கு மா குழைத்துப் பழகிய கைக்கு இதன் போக்கு உடனே பிடிபடும். ஆனால் அங்கே கொதிநீர் மாவுக்குள் போகும், இங்கே மா கொதிநீருக்குள், அதுவும் அடுப்பின் மேலேயே. சில விநாடிகளில் எல்லாம் திரண்டு ஒரே உருண்டையாகிச் சட்டியின் ஓரத்தை விட்டுவிடும்.

இங்கே நிறுத்தக் கூடாது. பலர் உருண்டை திரண்டதும் இறக்கிவிடுகிறார்கள். சிஞ்ஞோரா என் கையை விடாமல் பிடித்த இடம் இதுதான். மெல்லிய நெருப்பில் இன்னும் மூன்று நிமிடம், சட்டியின் அடியில் அழுத்திப் புரட்டிப் புரட்டிக் கிண்டவேண்டும். அடியில் வெண்மையாக ஒரு படலம் ஒட்டும், கலவை சற்றே மினுங்கும், அகப்பையில் கனம் தெரியும். நான் சட்டியோடு நிறுத்துப் பார்த்தேன். இறக்கும்போது போட்ட நிறையில் முப்பது கிராமளவு குறைந்திருக்கும். அவ்வளவும் ஆவியாகப் போன தண்ணீர். இவ்வளவு தண்ணீரை வெளியேற்றுவது எதற்கென்றால், அந்த இடத்தில் முட்டையை ஏற்றத்தான். மாப்பொருள் வெந்து வீங்கி, நீரைத் தனக்குள் பிடித்துவைத்திருக்கும். முட்டை கூடுதலாக ஏறினால் பொரியும்போது சுவர் உறுதியாக நிற்கும். ஈரம் கூடிய கலவைக்கு நான்கு முட்டை தாங்காது, ஓடிவிடும். மூன்றோடு நிறுத்தினால் உப்பாது.

கலவையை ஒரு கிண்ணத்துக்கு மாற்றி, விரல் வைத்துப் பொறுக்குமளவு ஆறவிடுவேன். முட்டை வெள்ளை 62 பாகையளவிலேயே உறையத் தொடங்கும். அதற்கு மேல் சூடு இருந்தால் கலவைக்குள் பொரித்த முட்டைத் துணுக்குகள்தான் கிடைக்கும். முட்டைகளை ஒன்றொன்றாகச் சேர்க்க வேண்டும். முதல் முட்டை போட்டதும் எல்லாம் உடைந்து, வழுக்கி, சேராது போலத் தெரியும். தொடர்ந்து கிண்டுங்கள், திடீரென்று சேர்ந்துகொள்ளும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படியே. நான்காவதை மட்டும் தனியே அடித்துவைத்துக் கரண்டி கரண்டியாக விடுவேன். முட்டையின் பருமன் ஒவ்வொரு முறையும் வேறு, மா நீர் குடிக்கும் அளவும் பைக்குப் பை வேறு. அகப்பையால் அள்ளித் தூக்கும்போது கலவை தயங்கித் தயங்கி, கீழே முக்கோணமாகத் தொங்கி, பிறகு விழவேண்டும். விரலால் கோடு கிழித்தால் அந்தக் கோடு மெதுவாக மூடவேண்டும். அந்தப் பதம் வந்தால், கிண்ணத்தில் அரை முட்டை மிஞ்சியிருந்தாலும் நிறுத்திவிடுவேன். மூடி அரை மணித்தியாலம் வைத்தால் கலவை இன்னும் நிதானமாகும்.

பொரிப்பில்தான் எனக்கு மிகுந்த ஆர்வம். வெப்பமானியை எண்ணெயில் நிறுத்தி, வேறு வேறு சூட்டில் ஒரே கலவையைப் போட்டுப் பார்த்தேன். 190 பாகையில் இரண்டு நிமிடத்துக்குள் வடிவாகச் சிவந்துவிடும். உடைத்தால் உள்ளே களி. ஓடு முந்திக்கொண்டு இறுகியதால் உள்ளிருக்கும் நீராவிக்குத் தள்ள இடமில்லை, உருண்டை போட்ட அளவிலேயே நிற்கும். 150இல் எதிர்ப்பக்கம். ஆவி வலுவாகக் கிளம்பாது, ஓடும் பிடிக்காது, தட்டையாகக் கிடந்து எண்ணெயைக் குடிக்கும். 165 முதல் 170 வரைதான் சரி. மஞ்சள் நிறம் பிடித்த பிறகு, கடைசி ஒன்றிரண்டு நிமிடத்தில் 175 வரை ஏறினால் ஓடு நன்றாகக் காயும். இருபத்திரண்டு சென்ரிமீற்றர் தாச்சியில் ஒன்றரை லீற்றர் எண்ணெய், ஒரு முறைக்கு நான்குக்கு மேல் போடுவதில்லை. ஐந்தாவது போட்டால் சூடு இறங்குவது வெப்பமானியில் உடனே தெரியும்.

இரண்டு மேசைக்கரண்டியை எண்ணெயில் நனைத்து, ஒன்றால் அள்ளி மற்றதால் தள்ளிவிட வேண்டும். தேசிக்காய் (எலுமிச்சம்பழம்) அளவு போதும். விழுந்ததும் அடிக்குப் போய், சில விநாடியில் மேலே வந்து, வெளிறிய மஞ்சளாக மிதக்கும். சுற்றிப் பொடிக் குமிழிகள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிறகு எண்ணெய்க்குள் இருக்கும் பக்கம் உப்பி, அந்தப் பக்கம் இலேசாகி, யாரும் தொடாமலே உருண்டை தானாகக் கவிழும். சிஞ்ஞோரா இந்த நேரத்தில் கரண்டியின் பின்புறத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் மெதுவாகத் தட்டுவா. "பொறு, இப்பதான் எழும்புது" என்பா. தட்டினால் நல்லபடி கவிழும், இல்லாவிட்டாலும் கவிழும். கவிழ்ந்த பிறகு பழுப்பு ஓட்டின் ஒரு பக்கம் வெடிக்கும். வெடிப்புக்குள் பால்மஞ்சளாக ஈர மா தெரியும், அதிலிருந்து நீராவி சரம் சரமாகக் கிளம்பும். அது விரிந்து காய்ந்து நிற்கும், மறுபடி வேறு பக்கம் வெடிக்கும். இந்த மேடு பள்ளங்கள்தான் ஸ்ஃபின்ச்சியின் முகம். பிறகு கிறீம் பிடித்து நிற்கும் இடமும் அதுதான்.

எடுக்கும் நேரத்தை நிறத்தை வைத்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். வெடிப்பின் உள்ளைப் பாருங்கள். வெளி ஓடு பொன்னிறமாக இருக்க, வெடிப்பு இன்னும் வெளிறியிருந்தால் உள்ளே நீர் மிச்சம் இருக்கிறது. இப்போது எடுத்தால் தட்டில் வைத்ததும் சுருங்கி அமுங்கும். வெடிப்பும் ஓட்டின் நிறத்துக்கு வரவேண்டும். காதையும் கொடுங்கள். தொடக்கத்தில் சலசலவென்று கேட்ட எண்ணெய் படிப்படியாக அடங்கும். துளையுள்ள கரண்டியில் தூக்கினால் கையில் பாரமே தெரியாது. என் அளவுக்கு எட்டு முதல் பத்து நிமிடம். பேப்பரில் வைக்காமல் கம்பித் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஈரிக்காது. ஒன்றை உடனே உடைத்துப் பாருங்கள்: உள்ளே பெரிய வெறுமை, ஓரத்தில் மெல்லிய ஈரமான இழைகள். அந்த இழைகள் ஒட்டாமல் இருந்தால் மற்றவையும் சரி.

தலையில் கிறீமைக் கரண்டியால் அள்ளிவைத்து, கத்தியின் தட்டையால் பள்ளங்களுக்குள் அழுத்திப் பரப்ப வேண்டும். உள்ளே குத்தி நிரப்புவோரும் இருக்கிறார்கள். எனக்கு மேலே மட்டும் இருப்பதுதான் பிடிக்கும், ஓடு நீண்ட நேரம் மொறுமொறுப்பாக இருக்கும். பிறகு தோடந்தோல், பிஸ்தா. நேப்பிள்ஸில் இதே நாளுக்குச் செய்யும் செப்போலே வளையமாக இருக்கும், அதற்கு முட்டைக் கஸ்ரட்டும் கறுத்த செர்ரியும். எனக்கு அது தித்திப்புக் கூடியதாகத் தெரிகிறது. ஆட்டுப்பால் ரிக்கொத்தாவின் அந்த மெல்லிய மணத்துக்கு ஈடில்லை.

திருநாளுக்கு முந்தின மாலை, மார்ச் 18, எங்கள் பக்கத்துத் தெருக்களில் பொடியன்கள் சேர்த்துவைத்த பழைய மரச்சாமான்களைக் குவித்துக் கொளுத்துவார்கள். வாம்பா என்பார்கள். மாநகரசபை லொறி வந்து மரத்தை அள்ளிக்கொண்டு போனாலும் எங்கிருந்தோ மறுபடி சேர்ந்துவிடும். அன்றிரவு யன்னலைப் பூட்டிவைத்துத்தான் பொரிக்கிறேன், புகைமணம் கிறீமில் ஏறிவிடும். எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுபவர்கள். அவர்களுக்கும் ஒரு தட்டு, சிஞ்ஞோராவுக்கு ஒரு தட்டு. அவ முதலில் ஓட்டைத்தான் தட்டிப் பார்ப்பா, பிறகுதான் வாயில் வைப்பா.

மிஞ்சினால் கிறீம் வைக்காத கோதுகளைக் காற்றுப் போகாத டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் தோலாகிவிடும். மறுநாள் 160 பாகை ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து, முழுக்க ஆறவிட்டுப் பூசினால் பொரித்த அன்றைய மொறுமொறுப்பில் முக்கால்வாசி திரும்பி வரும். கிறீம் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், எடுக்கும்போது மேலே நீர் நின்றால் வடித்துவிட்டுக் கிண்டுங்கள். பூசியதை மாத்திரம் மிச்சம் வைக்காதீர்கள்.